ஒற்றைப் பெட்டி ரயிலில் சொல்லாமல் விட்டது

ஆதி,

இதை மெதுவாகப் படி. தமிழை நீ விரல் வைத்துத்தான் படிப்பாய் என்று தெரியும். வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு ஆறு வருஷம் உன்னை இழுத்துக்கொண்டு போனதில் மிஞ்சியது அவ்வளவுதான். ஒரே மூச்சில் முடியாவிட்டால் மூன்று நாள் எடுத்துக்கொள். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடு. இங்கிலீஷில் எழுதியிருக்கலாம். எழுதியும் பார்த்தேன். ஆபீஸில் நான் அனுப்பும் மெயில் மாதிரியே வந்தது. எல்லாம் மரியாதையாக இருந்தது, எதுவும் உண்மையாக இல்லை. கிழித்துப் போட்டுவிட்டுத் தமிழுக்கு வந்தேன். நீ படித்து முடித்து, சரி என்று சொன்னால், நம் ஊர்த் தமிழ்ச் சங்க மலரிலும் இதைப் போடச் சொல்லப் போகிறேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நீ வேலை பார்க்கும் ஜப்பானில் நாம் கழித்த அந்த நாளைப் பற்றிப் பேசவிடு. நியூ ஜெர்சியில் நம் வெஸ்ட் வின்ட்சர் வீட்டுக்குத் திரும்பிப் பத்து நாள் ஆகிவிட்டது, அந்தக் குஷி இன்னும் இறங்கவில்லை. நேற்றுக் காலை பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ஜெர்சி சிட்டி ஆபீஸுக்குப் போக ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தபோது, என்னை அறியாமல் சிக்னலை விரல் நீட்டிக் காட்டி, "பச்சை" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் காபியோடு நின்றவர் இரண்டடி தள்ளிப் போனார். எல்லாம் அந்த ஒற்றைப் பெட்டி ரயில் ஓட்டுநர் செய்த வேலை. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சிக்னலையும் விரலால் சுட்டி, அதன் நிறத்தை வாய்விட்டுத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பதினோரு பேரை அவ்வளவு அக்கறையாக மலைக்குள் கூட்டிப் போனாரே, அவர்.

நான் தனியாக நாடு விட்டு நாடு போனது அதுதான் முதல் தடவை என்று உனக்குத் தெரியும். எனக்கு நாற்பத்தொன்பது வயது. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. "இருபது வருஷமா எங்க போனாலும் மூணு பேரோட பேப்பரையும் ஃபைல்ல கட்டித் தூக்கிட்டுப் போனோம். ஒரு தடவையாவது வெறும் கைப்பையோட போயிட்டு வா" என்று சொல்லி அனுப்பினார். ஒக்காயாமா ஸ்டேஷன் வாசலில் நீ என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "ஒரே ஒரு பை? ஆர் யூ ஓகே?" என்றுதான். நன்றாகவே இருந்தேன். அவ்வளவு நன்றாக இருந்து பழக்கமில்லை என்பதால் உனக்கு அது காய்ச்சல் மாதிரித் தெரிந்திருக்கலாம்.

மறுநாள் காலை நீ கூட்டிப் போன அந்த ரயிலை நான் எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன் தெரியுமா. பின் கதவில் ஏறும்போது ஒரு டப்பாவிலிருந்து நம்பர் போட்ட துண்டுச் சீட்டு எடுத்தோம். நகரம் முடிந்தது, கிடங்குகள் முடிந்தன, அதன் பிறகு தண்ணீர். இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டிய வயல், அதில் மேகம், மேகத்துக்கு நடுவே விரல் உயரத்துக்கு நாற்று. நான் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் சங்குச் சத்தத்தில் வளர்ந்தவள். நெல்லைப் பாடப் புத்தகத்தில் பார்த்தேன், அதன் பிறகு பத்து கிலோ மூட்டையில் அரிசியாகப் பார்த்தேன். நடுவில் இருப்பதைப் பார்த்ததே இல்லை. பெயர்ப் பலகை, ஒரு பெஞ்சு, ஒரு மேற்கூரை மட்டும் இருந்த ஒரு ஸ்டேஷனில் ஜன்னலுக்கு வெளியே ஒரு சின்ன இயந்திரம் வயலில் ஊர்ந்துகொண்டு, தையல் மெஷின் தையல் போடுவது மாதிரி நாற்றைக் குத்திக் குத்திப் போவதைப் பார்த்ததும் நான் எழுந்துவிட்டேன்.

"இறங்குடா."

"அம்மா, நம்ம ஸ்டாப் இன்னும் ஃபோர்ட்டி மினிட்ஸ் இருக்கு."

"அங்க என்ன இருக்கு?"

"ஒரு பழைய கோவில்."

"கோவில் நம்ம ஊரு பக்கம் பிரிட்ஜ்வாட்டர்லயே இருக்கு. இறங்கு."

இறங்கினோம். தூறலில் வரப்பில் நின்று ஒரு மணி நேரம் நாற்று நடுவதைப் பார்த்தேன். தவளைகள் காதைப் பிளந்தன. ஓட்டிக்கொண்டிருந்தவர் திரும்பும்போதெல்லாம் தொப்பியைத் தூக்கினார், நான் கையை ஆட்டினேன், ஏதோ நாங்கள் சொந்தக்காரர்கள் மாதிரி. என் செருப்பு சேற்றில் மாட்டி, நீ குனிந்து இழுத்து, இரண்டு பேரும் விழப்பார்த்தோம். திரும்பி ஸ்டேஷனுக்கு ஓடினால் ரயிலின் பின்பக்கம் வளைவில் மறைந்துகொண்டிருந்தது. நீ கால அட்டவணையைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாய். அடுத்த ரயில் இரண்டரை மணி நேரம் கழித்து. உன்னை மூன்று மணிக்குக் கணக்கு வகுப்பு, நாலு மணிக்கு நீச்சல், ஐந்தரைக்கு வயலின் என்று காரில் வைத்தே வளர்த்தவள் நான். உன்னோடு இரண்டரை மணி நேரம் எந்த வேலையும் இல்லாமல் உட்கார்ந்தது உன் இருபத்தாறு வயதில்தான் நடந்திருக்கிறது. அதற்கும் ஒரு ரயிலைத் தவறவிட வேண்டியிருந்தது.

அப்போதுதான் அந்தப் பெண்மணி வந்தார். என் வயதுதான் இருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு பெரிய பை. பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். நீ கடையில் வாங்கி வந்திருந்த சோற்றுருண்டையை நான் அப்போதுதான் பிரித்தேன். "மீன் கிடையாதுல்ல?" என்று மூன்றாவது தடவை கேட்டேன். "பிளம்மா, வெறும் பிளம், ப்ராமிஸ்" என்றாய். ஒரு கடி கடித்தேன். உப்பும் புளிப்பும் மண்டைக்கு ஏறி ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"டேய்! இது மாவடுடா! ஜப்பான் மாவடு!"

நான் போட்ட கூச்சலில் அந்த அம்மா பயந்திருக்க வேண்டும். நீ விளக்கியதும் அவர் சிரித்து, தன் பையைத் திறந்து காட்டினார். உள்ளே பச்சைப் பச்சையாக அதே காய், ஊறுகாய் போட எடுத்துப் போகிறார். அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எத்தனை நாள் உப்பில், மேலே எவ்வளவு பாரம், எத்தனை நாள் வெயிலில் என்று இரண்டு பேரும் உன் தலைக்கு மேலாகப் பேசிக்கொண்டோம், நீ இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி மொழிபெயர்த்தாய்.

"நாங்க விளக்கெண்ணெய் தடவுவோம்னு சொல்லு."

"விளக்கெண்ணெய்னா?"

"காஸ்டர் ஆயில்."

"அம்மா, அதை நான் அவங்ககிட்ட சொல்ல மாட்டேன். பாய்சன் பண்றோம்னு நினைப்பாங்க."

"சொல்லுடா, சும்மா."

சொன்னாய். அந்த அம்மா தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எங்களிடமிருந்து நகர்வது மாதிரி நடித்தார். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நீ எனக்குத் தெரியாத ஒரு மொழியில் சிரிப்பதை நான் முதல் தடவையாகக் கேட்டேன். உன் தோள் கீழே இறங்கியிருந்தது. நம் வீட்டில் உன் தோள் எப்போதும் காதுக்குப் பக்கத்தில் இருக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு அவர் உன்னிடம் ஏதோ கேட்டார், நீ பதில் சொன்னாய், அவர் என்னைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கி விரலை ஆட்டினார். என்னடா என்றேன். "இவ்ளோ நல்லா பேசுற, எப்ப இங்க வந்தேன்னு கேட்டாங்க. ஹை ஸ்கூல்லயே வந்திருக்கணும், கால்குலஸ்ல பி பிளஸ் வாங்கினேன், அம்மா ட்ரிப்பை கேன்சல் பண்ணிட்டாங்கன்னு சொன்னேன். யூ ஆர் அ ஸ்கேரி மதர்னு சொல்றாங்க" என்றாய். அந்த அம்மா சிரித்தார். நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன் ஆதி. இந்தக் கடிதத்தை நான் எழுதுவது அந்தச் சிரிப்புக்காகத்தான். அங்கே சிரிக்காமல் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். இரண்டரை மணி நேரம் இருந்தது. சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

உன் பி பிளஸ்ஸுக்கும் அந்தப் பயணத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

உனக்குப் பதினேழு வயது. பள்ளியில் மூன்று வருஷம் ஜப்பானிய மொழி எடுத்திருந்தாய். வகுப்பு முழுக்க வசந்த விடுமுறைக்கு ஜப்பான் போகிறது, அதில் ஒரு நாள் கிராமப்புறம், சின்ன ரயிலில். நீ குளியலறையில் சத்தமாக வாக்கியங்களைப் பழகிக்கொண்டிருந்தாய். உன்னிடம் இருந்தது இந்தியப் பாஸ்போர்ட் என்று உனக்குத் தெரியும், அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாது. தெரியாமல் வளர்த்தோம். அப்பாவின் வேலை விசாவில் தொங்கிக்கொண்டிருந்த விசா உன்னுடையது. அதன் முத்திரை காலாவதியாகியிருந்தது. அமெரிக்காவுக்குள் இருக்கும் வரை கவலை இல்லை. வெளியே கால் வைத்தால் தூதரகத்தில் புது முத்திரை வாங்கினால்தான் உள்ளே வர முடியும். அப்படிப் போய் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்களின் கதை ஒவ்வொரு பிறந்தநாள் பார்ட்டியிலும் எங்கள் காதில் விழும். நீ மாட்டிக்கொள்வாய் என்று பயந்தேன். அதைவிட, அந்தக் காரணத்தைச் சொன்னால் உன் வகுப்பில் நீ ஒருவன் மட்டும் வேறு என்று உனக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை. கேட்டால் ஏதாவது வழி இருந்து தொலைக்குமோ என்றிருந்தது.

அந்த வாரம் உன் மதிப்பெண் அட்டை வந்தது. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டேன். "பி பிளஸ் வாங்கிட்டு ஜப்பான் கேக்குதா? படிப்புதான் முதல்ல" என்றேன். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறக்கவில்லை, பேசியது நான். நீ சண்டை போடுவாய் என்று காத்திருந்தேன். நீ "ஓகே" என்றாய். எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போனாய். மறுநாளிலிருந்து கணக்குக்கு ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்தாய். அடுத்த தேர்வில் ஏ பிளஸ் வாங்கினாய், நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். என் கண்டிப்பு பலித்தது என்று.

அடுத்த வருஷம் கல்லூரி விண்ணப்பத்தில் குடியுரிமை என்ற கட்டத்தில் நின்று நீ கேட்டபோது விசாவைப் பற்றிச் சொன்னோம். சொல்ல வேறு வழி இல்லை. ஆனால் அந்தப் பயணத்தைப் பற்றி அன்றும் சொல்லவில்லை. நீயாகவே இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டிருப்பாய் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அந்த பெஞ்சில் நீ அதை நம்பித்தான் சொன்னாயா, இல்லை எனக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டாயா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எப்படி இருந்தாலும் நான் உள்ளே வரவில்லை.

இந்த நாட்டின் மேல் எனக்கு இருக்கும் கோபம் உனக்குத் தெரியும். ரயிலில், அடுக்களையில், தொலைக்காட்சி முன்னால் என்று எல்லா இடத்திலும் கத்தியிருக்கிறேன். இரண்டு வயதில் வந்த குழந்தையைத் தினமும் கொடிக்கு முன்னால் நெஞ்சில் கை வைத்து நிற்க வைத்துவிட்டு, இருபத்தொன்றாம் பிறந்தநாளில் "நீ யார்?" என்று கேட்கிற சட்டம் இது. இருபத்தொன்று முடிந்ததும் எங்கள் மனுவிலிருந்து உன் பெயர் விழுந்தது, அதற்கு எட்டே மாதத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் பச்சை அட்டை வந்தது. பத்தொன்பது வருஷ வரிசை, எட்டு மாதம். இப்போது நாங்கள் உனக்காக மனு போடலாமாம், அதற்கும் ஒரு வரிசை, நடுவில் நீ கல்யாணம் செய்துகொண்டால் அந்த மனு செத்துப்போகும். இதை எழுதியவன் பிள்ளை பெற்றவனாக இருக்க முடியாது. இத்தனை கோபத்தையும் கொட்டுகிற நான், அந்தச் சட்டத்தின் குற்றத்தை எடுத்து ஒரு பதினேழு வயதுப் பையனின் கணக்கு மார்க்கின் மேல் போட்டேன். அவர்கள் உன் தவறு என்று சொல்லவே இல்லை. சொன்னது நான்.

அதன் விளைவு என்ன என்று பார். வேலை விசாவுக்கு மூன்று வருஷம் உன் பெயரைக் குலுக்கலில் போட்டார்கள். குலுக்கல் ஆதி, கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது. மூன்று தடவையும் விழவில்லை. மூன்று தடவையும் நீ போன் செய்து சொன்ன முதல் வார்த்தை "சாரிமா". குலுக்கலில் விழாததற்கு மன்னிப்புக் கேட்கிற பிள்ளை உலகத்தில் வேறு எங்காவது இருப்பானா? நானும், "பரவாயில்லடா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றேன், ஏதோ அடுத்த தடவை நீ இன்னும் நன்றாகப் படித்தால் போதும் என்பது போல. கடைசியில் உன் கம்பெனி உன்னை ஜப்பான் கிளைக்கு அனுப்பியது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவனை, "ரெண்டு வருஷ அசைன்மெண்ட், ஜப்பானிஸ் தெரியும்ல, அதான்" என்று ஊர் முழுக்கச் சொன்னேன்.

அந்தப் பெண்மணியை அவர் மகள் காரில் வந்து கூட்டிப்போன பிறகு, தூறல் நின்று வெயில் வந்த அந்த அரை மணி நேரத்தில் நீ மெயிலைக் காட்டினாய். ஒரு வருஷம் வெளிநாட்டுக் கிளையில் முடித்துவிட்டதால் மாற்றல் விசாவில் உன்னை நியூ ஜெர்சிக்கே திரும்ப அழைக்கலாம் என்கிறார்கள். இந்த வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

"நீ என்னடா நினைக்கிற?"

"யெஸ்னு சொல்லிடுவேன்மா."

"உனக்குப் புடிச்சிருக்கா?"

"இல்ல... அப்படி இல்ல. நைன்டீன் இயர்ஸ் நீங்க வெயிட் பண்ணீங்க. எனக்காகத்தானே. நான் இங்க ஜாலியா இருந்தா அது ரைட்டா இல்ல."

நீ என்னிடம் நேர்மையாக இருந்தாய், நானும் இருக்கிறேன். "யெஸ்" என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் ஏதோ துள்ளியது. உன் அறைக்குப் புதுத் திரைச்சீலை என்ன நிறம் என்று மனசு அந்த நொடியே போய்விட்டது. ரயில் வந்தது, ஏறினோம், திரும்பும் வழியெல்லாம் நான் வயலைப் பார்த்துக்கொண்டு அந்தத் துள்ளலோடு உட்கார்ந்திருந்தேன். நீ ஓட்டுநரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் தோள் மறுபடியும் காதுக்குப் பக்கத்தில் போயிருந்தது. பார்த்தேன். பார்த்தும் நரிட்டா விமான நிலையத்தில் உன்னைக் கட்டிப்பிடித்து, "சீக்கிரம் வந்துடு" என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ்வாட்டர் கோவிலில் ரேவதி ஆன்ட்டியைப் பார்த்தேன். உன்னோடு நீச்சலுக்கு வந்த காவ்யாவின் அம்மா. கீழே உணவுக்கூடத்தில் வரிசையில் நின்றபடி கேட்டாள்.

"ஆதி ப்ராஜெக்ட் முடிஞ்சு எப்ப வர்றான்?"

"ப்ராஜெக்டே இல்ல ரேவதி. விசா கிடைக்கல. அனுப்பிட்டாங்க."

"ஷ்ஷ், மெதுவாடி. ஏன் இதெல்லாம் வெளிய சொல்ற?"

"அவன் என்ன தப்பு பண்ணான், மெதுவா சொல்ல?"

அவள் தட்டை ஓரமாக வைத்தாள். பிறகு என் முழங்கையைப் பிடித்து ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனாள். "காவ்யாவுக்கு ஜனவரில இருபத்தொண்ணு. எங்களுக்கு இன்னும் வரல. அவகிட்ட சொல்லல. ஸ்டடி அப்ராட் போகணும்னு ஃபார்ம் வாங்கிட்டு வந்தா. கிரேடு பத்தாதுன்னு சொல்லிட்டேன்." அந்தக் கடைசி வாக்கியம் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் உன்னிடம் சொன்னதேதான். நான் மட்டும் கண்டுபிடித்த பொய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை வீட்டில் எத்தனை சாப்பாட்டு மேசையில் இது நடக்கிறதோ. பெயர்களை மாற்றிவிடுகிறேன், ஆனால் இது மலரில் வர வேண்டும். நீ அனுமதித்தால்.

அறிவுரை என்று உனக்குச் சொல்ல எனக்கு இப்போது தகுதி குறைவு. இருந்தாலும் அம்மா என்பதால் சொல்கிறேன். நீ திரும்பி வந்தால் மறுபடியும் அந்த வரிசையின் கடைசியில் நிற்பாய், வேலை மாற, ஊர் மாற, ஒரு ரயில் பயணம் போகப் பயப்படுவாய். அது உனக்கு வேண்டும் என்றால், இந்த ஊரும் உன் நண்பர்களும் அந்த விலைக்குத் தகும் என்று உனக்குத் தோன்றினால், வா. விமான நிலையத்தில் முதல் ஆளாக நிற்பேன், திரைச்சீலையும் மாட்டியிருக்கும். அங்கேயே இருப்பது வேண்டும் என்றால் இரு. நாங்கள் வந்து போவோம். அப்பா இப்போதே நாற்று நடும் மெஷின் வீடியோவை நாற்பது தடவை பார்த்துவிட்டார். நாங்கள் பத்தொன்பது வருஷம் நின்றது எங்கள் முடிவு. அதில் உன்னைக் கேட்டு எடுத்தது எதுவும் இல்லை. அதற்கு நீ பதில் சொல்லக் கடமைப்பட்டவன் இல்லை.

இன்று செவ்வாய். அப்பா இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டார். "அன்னிக்கு நானும் பேசல, அதையும் எழுது" என்றார். எழுதியிருக்கிறேன், மேலே இருக்கிறது. நீ கம்பெனிக்குப் பதில் அனுப்புவதற்கு முன்னால் என்னைக் கூப்பிடு. "இட்ஸ் ஓகேமா" என்று மட்டும் ஆரம்பிக்காதே. அதை நீ நிறையத் தடவை சொல்லிவிட்டாய். கோபப்படு. பதினேழு வயதில் நீ போட்டிருக்க வேண்டிய சண்டை ஒன்பது வருஷமாக நம் வீட்டில் பாக்கி இருக்கிறது. தமிழ் வராவிட்டால் இங்கிலீஷில் கத்து, அதுவும் போதாவிட்டால் ஜப்பானிய மொழியில் திட்டு. உனக்கு அங்கே காலை நேரம் எங்களுக்கு இங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம். மேசையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம், போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு. இந்தத் தடவை அப்பாவும் தட்டைப் பார்க்க மாட்டார்.

அம்மா